ஒரே வீடு, ஒரே வைரசு, வேறு வேறு கடுமை: சுவாச நோயில் பரம்பரையலகின் பங்கு

மாரி மழை தொடங்கியதும் திருகோணமலையில் தடிமனும் காய்ச்சலும் வீடு வீடாக ஏறும். இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டுக்கு இரண்டு தடவை கூடுகிறது: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒருமுறை, நவம்பர் தொடங்கி ஜனவரி வரை இன்னொருமுறை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரே கிழமைக்குள் ஐந்து பேருக்கும் தொற்றிவிடும். ஒருவருக்கு இரண்டு நாள் மூக்கடைப்போடு போய்விடும். இன்னொருவர் ஒரு கிழமை பாயோடு கிடப்பார். அம்மம்மாவுக்கு மட்டும் வைத்தியசாலையில் ஒட்சிசன் வைக்க வேண்டி வரும்.

இதற்குக் காரணம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "எங்கட பரம்பரைக்கு நெஞ்சுச்சளி வராது" என்பது ஒன்று. "அது அவையின்ர குடும்ப வருத்தம், ஒண்டும் செய்யேலாது" என்பது மற்றது. முதலாவதை நம்புபவர் தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறார். இரண்டாவதை நம்புபவர் வைத்தியசாலைக்குப் போகப் பிந்துகிறார். இரண்டுமே ஆளைக் கொல்லக்கூடிய நம்பிக்கைகள். அதனால்தான் பரம்பரையலகு, அதாவது மரபணு, இதில் என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை அடியிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

வைரசின் மாற்றம் வேறு, எங்கள் மாறுபாடு வேறு

டெல்டா, ஒமிக்ரோன் என்று கேள்விப்பட்டவை கொவிட் வைரசின் திரிபுகள். வைரசு தன்னைப் படியெடுக்கும்போது அதன் பரம்பரைக் குறிப்பில் பிழை விழுந்து புதிய திரிபு பிறக்கிறது. சில மாதங்களிலேயே ஒரு திரிபு உலகம் முழுக்கப் பரவிவிடும்.

இந்தக் கட்டுரை பேசுவது மனிதரின் உடலில் பிறப்பிலிருந்தே இருக்கும் வேறுபாட்டைப் பற்றி. அது தாய் தகப்பனிடமிருந்து வருவது. ஒரு கொள்ளைநோய் வந்து போகும் காலத்தில் அது மாறாது. 2021 ஓகஸ்ட்டில் இலங்கையில் டெல்டா அலையில் மரணங்கள் கூடியதற்கு எங்கள் பரம்பரையலகு காரணமல்ல. அது முந்திய ஆண்டில் இருந்ததுபோலவே இருந்தது. மாறியது வைரசு. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால் பாதிக் குழப்பம் வருகிறது.

பரம்பரையலகும் மாறுபாடும்

எங்கள் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. நான்கு வகை இரசாயனத் துண்டுகள் மாறி மாறிக் கோக்கப்பட்டது அது. அவற்றை எழுத்துகள் என்று சொல்வது வழக்கம். ஒரு முழுத் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். இந்த இழை 23 சோடிப் பொதிகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு பொதியும் ஒரு நிறமூர்த்தம். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தகப்பனிடமிருந்தும் வருகிறது.

ஒரு குறிப்பிட்ட புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு எழுதப்பட்ட பகுதிதான் பரம்பரையலகு. மனிதரில் ஏறக்குறைய 20,000 இருக்கின்றன. புரதங்கள்தான் உடலின் வேலைகளைச் செய்பவை. வைரசை அடையாளம் காண்பதும், அதை வெட்டிப்போடுவதும், அயல் கலங்களை உசார்ப்படுத்துவதும் புரதங்களே.

உறவில்லாத இரண்டு பேரின் எழுத்துகளை ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வேறுபடும். 300 கோடியில் அது பல இலட்சம் இடங்கள். இந்த வேறுபாட்டைத்தான் மரபணு மாறுபாடு என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றால் எந்த விளைவும் இல்லை. சில, ஒரு புரதத்தின் வடிவத்தை மாற்றும். இன்னும் சில, புரதத்தை அப்படியே விட்டு, அது எவ்வளவு, எப்போது உண்டாக வேண்டும் என்பதை மாற்றும். சுவாச நோய்களில் கண்டுபிடிக்கப்பட்ட மாறுபாடுகளில் கூடுதலானவை இந்தக் கடைசி வகை.

குளமும் வான்கதவும்

அடுத்த பகுதியை விளங்கிக்கொள்ளக் கந்தளாய்க் குளத்தை எடுத்துக்கொள்வோம். மழை நாளில் நீர்மட்டத்தைப் பார்ப்பவர் ஒருவர். அவர் சொல்லும் செய்தியைக் கேட்டு வான்கதவைத் திறப்பவர் இன்னொருவர். மட்டம் ஏறத் தொடங்கும்போதே கதவுகளைக் கொஞ்சம் திறந்துவிட்டால் தண்ணீர் தன் பாட்டில் வழிந்துபோகும். பார்ப்பவர் பிந்தினாலோ, செய்தி போய்ச் சேரப் பிந்தினாலோ, கதவு இறுகிக் கிடந்தாலோ, குளம் முட்டிய பிறகு எல்லாக் கதவுகளையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டி வரும். அப்போது கீழே தம்பலகாமத்து வயல்கள் மூழ்கும். கவனியுங்கள்: வயலை மூழ்கடித்தது நேரடியாக மழை அல்ல, பிந்தித் திறந்த கதவு.

கடுமையான சுவாசத் தொற்றில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். மழை என்பது வைரசு. நீர்மட்டம் பார்ப்பது, கலங்களுக்குள் இருக்கும் உணரிப் புரதங்கள். செய்தியாகப் போவது இன்டர்ஃபெரோன் என்ற புரதம். கதவு, உடல் காட்டும் எதிர்ப்பு. வயல், சுவாசப்பை.

உண்மையில் நடக்கும் ஒழுங்கு

வைரசு மூக்கிலோ தொண்டையிலோ உள்ள ஒரு கலத்துக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் தன் ஆர்.என்.ஏ.யை வெளிவிட்டுப் படியெடுக்கத் தொடங்குகிறது. ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.யின் நெருங்கிய உறவான இன்னொரு இழை; இன்புளுவென்சா, கொரோனா வைரசுகளுக்கும் தடிமன் தரும் பெரும்பாலான வைரசுகளுக்கும் இதுதான் பரம்பரைப் பொருள்.

எங்கள் கலங்களில் டி.எல்.ஆர்.7, எம்.டி.ஏ.5 போன்ற உணரிப் புரதங்கள் இருக்கின்றன. அந்நிய ஆர்.என்.ஏ.யைக் கண்டதும் இவை தூண்டப்படுகின்றன. தூண்டல் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறி ஐ.ஆர்.எஃப்.7 என்ற புரதத்துக்கு வருகிறது. அது இன்டர்ஃபெரோன் செய்யும் பரம்பரையலகை இயக்குகிறது.

இன்டர்ஃபெரோன் கலத்துக்கு வெளியே கசிந்து அயல் கலங்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டும். ஏற்பி என்பது வெளியிலிருந்து வரும் ஒரு பொருளைப் பிடிப்பதற்கென்றே உள்ள புரதம். ஒட்டியதும் அந்த அயல் கலத்தில் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் ஒரே நேரத்தில் வேலை தொடங்கும். உதாரணத்துக்கு ஓ.ஏ.எஸ்.1 என்ற புரதம், ஆர்.என்.ஏ.யை வெட்டும் இன்னொரு புரதத்தை எழுப்பிவிடும். வைரசு அந்தக் கலத்துக்கு வந்து சேரும்போது அது தயாராக இருக்கும். இவையெல்லாம் முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள், காய்ச்சல் வருவதற்கு முன்னரே கூட, நடந்து முடிய வேண்டியவை.

இந்த ஒழுங்கு மந்தமாக நடந்தால் வைரசு தடையின்றிப் பெருகி, தொண்டையிலிருந்து சுவாசப்பைக்கு இறங்கும். அப்போது உடல் பிந்தி, ஆனால் பெரிய அளவில், அழற்சியைக் கிளப்பும். அழற்சி என்பது குருதிக் குழாய்களிலிருந்து திரவமும் வெண்கலங்களும் (கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள்) இழையத்துக்குள் பாய்வது. காலில் முள் தைத்த இடம் வீங்குவதும் அதுதான். ஆனால் சுவாசப்பையில் அது நடந்தால் ஒட்சிசன் குருதிக்குள் போகும் சிற்றறைகள் திரவத்தால் நிரம்பிவிடும். கொவிட்டில் பலர் முதல் கிழமை தாக்குப்பிடித்து, ஏழாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் திடீரென மூச்சுவிட முடியாமல் போனது இதனால்தான்.

ஆகவே "எதிர்ப்புச் சக்தி கூட, குறைய" என்ற பேச்சு இங்கே பொருந்தாது. முதல் இரண்டு நாளில் எவ்வளவு விரைவாகத் தொடங்கியது, பிறகு எவ்வளவு அடக்கமாக நின்றது என்பதே நோயின் கடுமையைத் தீர்மானிக்கிறது. பரம்பரையலகு பெரும்பாலும் கைவைப்பதும் இந்த நேரக்கணக்கில்தான்.

அரிதாக வந்து பெரிதாகத் தாக்கும் மாறுபாடுகள்

இவை மிகச் சிலரிடமே உண்டு. ஆனால் ஒரு புரதத்தையே செயலிழக்கச் செய்துவிடும்.

2011இல் பிரான்சில் இரண்டரை வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இன்புளுவென்சாவால் உயிராபத்தான நிலைக்குப் போனாள். அவளது ஐ.ஆர்.எஃப்.7 பரம்பரையலகின் இரண்டு பிரதிகளிலும் பழுது இருந்தது 2015இல் வெளியானது. தாயிடமிருந்து ஒரு பழுது, தகப்பனிடமிருந்து வேறொரு பழுது. ஒரு பிரதி மட்டும் பழுதான பெற்றோர் இருவரும் நலமாக இருந்தார்கள். பிற்பாடு ஆண்டுதோறும் இன்புளுவென்சாத் தடுப்பூசி போடப்பட்ட அந்தப் பிள்ளைக்குக் கடுமையான இன்புளுவென்சா திரும்ப வரவில்லை. தடுப்பூசி உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் (வைரசைப் பிடித்து முடக்கும் புரதங்கள்) வேறு வழியால் வேலை செய்பவை. ஒரு வழி அடைபட்டவருக்கு மற்ற வழி திறந்தே இருக்கிறது. "ஒண்டும் செய்யேலாது" என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

டி.எல்.ஆர்.7 இன் கதை இன்னொரு விதம். 2020இல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களில், குடும்பத்துக்கு இரண்டு சகோதரர்களாக, நான்கு இளைஞர்கள் கொவிட்டால் செயற்கைச் சுவாசக் கருவிக்குப் போனார்கள். முன்பு எந்தப் பெரிய நோயும் இல்லாதவர்கள், ஒருவர் இறந்தார். நால்வரிலும் டி.எல்.ஆர்.7 பழுதாக இருந்தது. இந்தப் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். ஆண்களுக்கு ஒன்றுதான். பின்னர் பெரிய அளவில் தேடியபோது, உயிராபத்தான கொவிட் வந்த 60 வயதுக்குக் குறைந்த ஆண்களில் நூற்றில் ஒன்று இரண்டு பேருக்கு இந்தப் பழுது இருப்பது தெரிந்தது.

பலரிடம் இருந்து சிறிதாகத் தாக்கும் மாறுபாடுகள்

தெற்காசியாவில் வாழும் எங்களுக்கு மிக நெருக்கமான பகுதி இது.

2020இல் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கொவிட்டால் சுவாசம் செயலிழந்த 1,610 நோயாளிகளின் டி.என்.ஏ.யை 2,205 ஏனையோரின் டி.என்.ஏ.யோடு இலட்சக்கணக்கான இடங்களில் ஒப்பிட்டார்கள். அவ்வளவு இடங்களைப் பார்க்கும்போது தற்செயலாகவே பல வேறுபாடுகள் தென்படும். ஆயிரக்கணக்கானோர் தேவைப்படுவது அதனால்தான். நாலைந்து குடும்பங்களைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. அந்த ஒப்பீட்டில் மூன்றாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு, நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்பட்டு, தனித்துத் தெரிந்தது. பிரித்தானியாவில் 208 தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து 2,244 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்விலும் அதே துண்டு வந்தது.

ஸ்வாண்டே பாபோ, ஹூகோ சீபெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தத் துண்டின் வயதைத் தேடினார்கள். ஏறக்குறைய 50,000 எழுத்து நீளமான அது, இப்போது அழிந்துபோன பழைய மனித இனமான நியண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது. ஏறக்குறைய 60,000 ஆண்டுகளுக்கு முன் எங்கள் முன்னோர் அவர்களோடு கலந்தபோது கிடைத்தது. (பழைய டி.என்.ஏ. ஆராய்ச்சிக்காகப் பாபோவுக்கு 2022இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.) தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இதன் ஒரு பிரதியாவது உண்டு. ஐரோப்பாவில் ஏறக்குறைய 16 சதவீதம். கிழக்காசியாவில் கிட்டத்தட்ட இல்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? உலகின் 26 மக்கள் குழுக்களிலிருந்து 2,504 பேரின் டி.என்.ஏ.யை முழுவதுமாகப் படித்து 2015இல் நிறைவான ஒரு பன்னாட்டுத் திட்டத்திலிருந்து. அந்த 26 குழுக்களில் ஒன்று, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர், ஏறக்குறைய நூறு பேர். எங்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த நூறு பேரை வைத்துக்கொண்டு மூதூர், கிண்ணியா, நிலாவெளி, தம்பலகாமம் என்று பரந்திருக்கும் மக்கள் எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. இந்தத் துறையில் எங்கள் மக்களின் தரவு இன்னும் நிறையச் சேர வேண்டும். ஐரோப்பியரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எங்களிடம் மட்டுமே உள்ள மாறுபாடுகள் கண்ணில் படாமலே போய்விடும்.

பிரதிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. தெற்காசியாவில் மூன்றாம் நிறமூர்த்தங்களில் நூற்றுக்கு 30இல் இந்தத் துண்டு உண்டு. ஒவ்வொருவருக்கும் மூன்றாம் நிறமூர்த்தம் இரண்டு. இரண்டிலும் துண்டு இல்லாதிருக்கும் வாய்ப்பு 0.7 × 0.7, அதாவது 49 சதவீதம். இரண்டிலும் இருக்கும் வாய்ப்பு 0.3 × 0.3, அதாவது 9 சதவீதம். மிகுதி 42 சதவீதத்தினரிடம் ஒரு பிரதி. எனவே ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகளிலேயே ஒருவரிடம் இரண்டு பிரதியும் இன்னொருவரிடம் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். "குடும்ப வருத்தம்" என்று முழுக் குடும்பத்துக்கும் ஒரே முத்திரை குத்துவது அதனாலேயே பொருந்தாது.

இந்தத் துண்டு என்ன செய்கிறது? 2021இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் அதில் ஒரே ஒரு எழுத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அந்த எழுத்து, சுவாசப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் கலங்களில் எல்.இசட்.டி.எஃப்.எல்.1 என்ற பரம்பரையலகைக் கூடுதலாக இயங்கச் செய்கிறது. வைரசு வந்ததும் தங்களை மாற்றிக்கொண்டு தற்காக்க வேண்டிய அந்தக் கலங்கள் இதனால் சரியாக மாறுவதில்லை என்பது அவர்களின் விளக்கம். தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தடுப்பூசி எழுப்பும் வெண்கலங்களில் இந்த எழுத்து கைவைப்பதில்லை.

இதே துண்டை வைத்திருப்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து ஏறக்குறைய 27 சதவீதம் குறைவு என்பதும் பின்னர் தெரிந்தது. ஒரு மாறுபாட்டை நல்லது, கெட்டது என்று பெயரிடுவது எவ்வளவு அவசரம் என்பதற்கு இது போதும்.

நியண்டர்தால்களிடமிருந்து வந்த இன்னொரு துண்டு, பன்னிரண்டாம் நிறமூர்த்தத்தில், முன்பு சொன்ன ஓ.ஏ.எஸ்.1 இருக்கும் இடத்தில் உண்டு. அது கொவிட் கடுமையாகும் ஆபத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டு துண்டும் இருக்கலாம்.

எச்.எல்.ஏ.-பி 15:01 என்ற மாறுபாடும் குறிப்பிடத்தக்கது. எச்.எல்.ஏ. புரதங்கள் வைரசின் துண்டுகளை வெண்கலங்களுக்குக் காட்டுபவை. 2023இல் வெளியான ஆய்வில், கொவிட் தொற்றியும் எந்த அறிகுறியும் காட்டாதவர்களில் 20 சதவீதத்தினரிடம் இந்த மாறுபாடு இருந்தது. அறிகுறி வந்தவர்களில் 9 சதவீதம்தான். பழைய தடிமன் கொரோனா வைரசுகளைச் சந்தித்த வெண்கலங்கள், புதிய வைரசின் ஒத்த துண்டை இவர்களில் உடனே இனங்கண்டுவிட்டன.

சுருக்கமாக: அரிய மாறுபாடு, பெரிய தாக்கம்; பரவலான மாறுபாடு, சிறிய தாக்கம். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது வகைக்குள்தான் வரும்.

"இரண்டு மடங்கு ஆபத்து" என்றால்

மூன்றாம் நிறமூர்த்தத் துண்டு ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும் என்று பத்திரிகைகளில் வந்தது. அதை வாசித்துப் பயந்தவர்கள் பலர். எதன் இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும்.

விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கு. 25 வயதுக்காரர் 10,000 பேருக்குத் தொற்றி, 20 பேர் கடுமையாகிறார்கள் என்று வைப்போம். இரண்டு மடங்கானால் 40 பேர். மிச்சம் 9,960 பேர் வீட்டிலேயே சுகமாகிறார்கள். 75 வயதுக்காரர் 10,000 பேரில் 1,000 பேர் கடுமையாகிறார்கள் என்று வைத்தால், ஒன்றரை மடங்கே 500 பேரைக் கூட்டிவிடும். மடங்கு சிறிதாக இருந்தும் ஆட்கள் கூடுகிறார்கள், ஏனென்றால் அடித்தொகை பெரிது.

மடங்கு வயதோடு மாறுவதும் உண்மையே. 60 வயதும் அதற்குக் குறைவும் ஆனவர்களில் இந்தத் துண்டு கடும் நோய்க்கான வாய்ப்பை ஏறக்குறைய 2.7 மடங்கும், 60ஐத் தாண்டியவர்களில் 1.5 மடங்கும் கூட்டுவதாகக் கண்டார்கள். வயது, நீரிழிவு, உடற்பருமன், சிறுநீரக நோய், தடுப்பூசி போடாமை ஆகியவை இல்லாத இளம் ஒருவர் ஏன் இவ்வளவு கடுமையாகப் பாதிக்கப்பட்டார் என்ற கேள்விக்கே பரம்பரையலகு கூடுதலாகப் பதில் சொல்கிறது. அம்மம்மாவுக்கு ஒட்சிசன் வைக்க வேண்டி வந்ததற்கு முதற்காரணம் அவரது வயது.

ஒரு வீட்டில் பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டால் அது பரம்பரை என்று உடனே முடிவெடுக்கக் கூடாது. அவர்கள் ஒரே அறையில் படுப்பவர்கள், ஒரே விறகடுப்புப் புகையைச் சுவாசிப்பவர்கள், ஒரே ஆளிடமிருந்து நிறைய வைரசை வாங்கியவர்கள். பரம்பரையலகைப் பகிர்வதுபோலவே அவற்றையும் பகிர்கிறார்கள்.

பிறப்போடு வராத ஒரு பழுது

சிலரின் உடல், தன் இன்டர்ஃபெரோனையே அந்நியப் பொருளென நினைத்து அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி செய்துவிடுகிறது. உயிராபத்தான கொவிட் வந்தவர்களில் குறைந்தது பத்தில் ஒருவரிடம் இது 2020இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலானோர் ஆண்கள். வயது ஏற ஏற, முக்கியமாக 70ஐத் தாண்டியபின், இது கூடுகிறது. செய்தி புறப்படுகிறது, வழியிலேயே மறிக்கப்படுகிறது. விளைவு ஐ.ஆர்.எஃப்.7 பழுதானதற்கு ஒப்பானது. முதியவர்கள் சிலர் வேறு நோயே இல்லாமல் திடீரென விழுவதற்கு இது ஒரு காரணம்.

தடிமன் வைரசும் பிள்ளைகளின் முட்டும்

தடிமன் வந்தால் சில பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுவதோடு நிற்கும். சிலருக்கு முட்டு இழுக்கும். ரைனோவைரசு சி என்ற வகை இதில் பெரிய பங்கு வகிக்கிறது. அது கலத்துக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதம் சி.டி.எச்.ஆர்.3. இந்தப் புரதத்தின் 529ஆம் இடத்தில் உள்ள அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டு) ஒன்று மாறினால், புரதம் கலத்தின் மேற்பரப்பில் கூடுதலாக வந்து நிற்கும். ஆய்வுகூடத்தில் பார்த்தபோது வைரசு ஏறக்குறைய பத்து மடங்கு கூடுதலாக ஒட்டியது. இந்த மாறுபாடுள்ள சிறு பிள்ளைகள் கடும் இழுப்போடு வைத்தியசாலைக்கு வருவது கூட. இங்கே இன்டர்ஃபெரோனில் பிழையில்லை. வைரசுக்குப் பிடிமானம் கூட, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு டொக்டர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரைச் சுகமான நாட்களில் நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தடிமன் வந்தபின் அவசரமாகத் தொடங்கினால் அது வேலை செய்ய நாட்கள் எடுக்கும்.

சொந்தத்துக்குள் கல்யாணம்

மச்சான் மச்சாள் கல்யாணம் எங்கள் சமூகங்களில் உள்ளதுதான். பரவலான சிறு மாறுபாடுகளுக்கு இது பெரிய வேறுபாட்டைத் தராது. இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் நோய் தரும் அரிய வகைகளுக்கே இது பொருட்படுகிறது. இருவருக்கும் பொதுவான தாத்தா ஒருவரிடம் ஒரு பிரதி பழுதாக இருந்தால், அது இரு பக்கமும் இறங்கிப் பேரப்பிள்ளைகளின் பிள்ளையில் இரண்டாகச் சேரும் வாய்ப்பு 64இல் ஒன்று. பெரும்பாலான குடும்பங்களுக்கு எதுவும் நடக்காது. ஆனால் குடும்பத்தில் சிறு பிள்ளைகள் தொற்றால் இறந்த வரலாறு இருந்தால் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாரையும் குறைசொல்வதற்கு இதில் இடமில்லை. பழுதான பிரதிகள் எல்லோரிடமும் சில உண்டு.

குருதி வகை

ஓ வகைக்காரருக்குக் கொவிட் தொற்றும் வாய்ப்பு சிறிதளவு குறைவு என்பது உண்மை. அந்த வேறுபாடு மிகச் சிறியது. ஓ வகை என்று நம்பித் தடுப்பூசியை விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சிகிச்சையில் இந்த அறிவு எங்கே உதவுகிறது

நேரக்கணக்கை நினைவில் வைத்தால் மருந்துகள் விளங்கும். டெக்சமெதசோன் அழற்சியை அடக்கும் மருந்து. 2020இல் பிரித்தானியாவில் நடந்த பெரிய பரிசோதனையில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. முதல் நாட்களில் அடக்கினால் வைரசுக்குத்தான் வாய்ப்பாகும். தடிமன் காய்ச்சலுக்குப் பாமசியில் தாங்களாகவே இந்த வகை ஸ்டீரொய்ட் குளிசைகளை வாங்கிப் போடுவது அதனால் ஆபத்தானது. முட்டுக்காரருக்கு டொக்டர் எழுதிக்கொடுப்பது வேறு விடயம்.

பரிசிட்டினிப் என்ற மருந்துக்குப் பரம்பரையலகு ஆய்வு நேரடியாகவே துணைநின்றது. டி.ஒய்.கே.2 என்ற பரம்பரையலகு கூடுதலாக இயங்குபவர்களில் கொவிட் கடுமையாவதைக் கண்டார்கள். அந்தப் பாதையை மட்டுப்படுத்தும் மூட்டுவாத மருந்து ஏற்கனவே இருந்தது. அதைப் பரிசோதித்தபோது வைத்தியசாலையில் இருந்தவர்களின் இறப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்தது.

ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது மரபணுப் பரிசோதனை செய்வதால் பயனில்லை. பரவலான மாறுபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் டொக்டர் தரும் சிகிச்சை ஒன்றே. காசைச் செலவழிக்க விரும்புகிறவர் ஒட்சிசன் அளவு பார்க்கும் விரற்கருவி ஒன்றை வாங்கி வைக்கலாம்.

வீட்டில் எதைக் கவனிப்பது

விரற்கருவியைப் பயன்படுத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்க வேண்டும். நகப்பூச்சை அகற்றி, கை குளிராக இருந்தால் சூடாக்கி, எண் ஒரே இடத்தில் நிலைக்கும்வரை ஒரு நிமிடமாவது விட்டுவைக்க வேண்டும். 94க்குக் கீழ் வந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எங்களைப் போன்ற கருந்தோலில் இந்தக் கருவி உண்மையான அளவைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். எனவே எண் 95 என்றிருந்தாலும் ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலமானால், ஆள் குழம்பிப் பேசினால் எண்ணை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும்.

பிள்ளைக்கு, அழாமல் இருக்கும்போது, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தாலும், மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டாலும் அன்றே காட்ட வேண்டும்.

அரிய வகைப் பழுதைச் சந்தேகிக்க வேண்டிய இடங்கள் வேறு. ஒரே ஆண்டில் இரண்டு தடவை நியூமோனியா, ஊசி வழியாக நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்காமல் தீராத தொற்றுகள், நிறை ஏறாமை, தாய்வழியில் ஆண்பிள்ளைகள் சிறுவயதில் தொற்றால் இறந்திருப்பது, முன்பு சுகமாக இருந்த இளைஞருக்கு இன்புளுவென்சாவோ கொவிட்டோ உயிராபத்தாவது. இவற்றில் ஒன்று இருந்தாலே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் வைத்திய நிபுணரிடமோ பொது வைத்திய நிபுணரிடமோ கேட்கலாம். தேவையென்றால் நோயெதிர்ப்புப் பரிசோதனைக்குக் கொழும்பிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். போகும்போது பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, பழைய எக்ஸ்ரே படங்கள், வைத்தியசாலைத் துண்டுகள் ஆகியவற்றோடு, தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் சிறுவயது மரணங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் அரை வேலை முடிந்துவிடும்.

இப்படிச் சந்தேகம் உள்ள பிள்ளை என்றால், 9ஆம் மாதத்து எம்.எம்.ஆர்., 12ஆம் மாதத்து ஜப்பானிய மூளையழற்சித் தடுப்பூசி போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் போடும் நாளுக்கு முன்னரே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவைக்க வேண்டும். அவற்றைப் போடுவதா, பிற்போடுவதா என்பதை வைத்திய நிபுணர் முடிவெடுப்பார். உயிரற்ற தடுப்பூசிகளைப் பிற்போட இது காரணமாகாது. அந்தப் பிள்ளைக்கு அவை மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகத் தேவை.